கோலாலம்பூர் பக்கம் போன ரோகிணி

சரியாக இரவு ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு என் கல்யாணம் கோணலாகத் தொடங்கியது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது என் இடது கையில் கடிகாரமும் வலது கையில் ஒரு பித்தளைத் திருகும் இருந்தன. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்குகிறது. கறுப்பில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. ஓர் ஓரம் முழுக்கப் பால் கொட்டியது போல வெளுப்பு. வருகிறவர்கள் எல்லாம் "யாருக்கு எலும்பு முறிஞ்சது?" என்று அனுதாபத்தோடு கேட்பார்கள். இன்று மாலை என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதனால் காலையிலேயே அந்தப் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் ஒளித்து வைத்தேன். என் மனைவி அதை எடுத்து மறுபடியும் மாட்டிவிட்டாள். "கேட்டா நீங்களே சொல்லுங்க" என்கிறாள். சொல்லிப் பழக வேண்டும். அதற்காகத்தான் எழுதிப் பார்க்கிறேன். (நேற்று இரவு தூங்கவில்லை. காப்பி அதிகமாகிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.)

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து வந்த முதல் தை மாதம் அது. எனக்கு வயது இருபத்தைந்து. மலாக்காவின் காஜா பேராங்கில் என் அக்கா வீட்டில் இருந்தேன். தாய் தகப்பன் இல்லாத எனக்கு அக்காவும் அத்தானும்தான் எல்லாம். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் வடக்கு எது என்று காட்ட ஓர் அம்புக்குறி போடுவோம் அல்லவா, அதை மை பூசி அழகாகப் போடுவதில் எனக்கு நல்ல பெயர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி இன்றுவரை வைத்திருக்கிறாள்.

துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அவர்கள் வீட்டுச் சாமான்களை லேலாங் போடுவார்கள். (ஏலத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்.) புத்தியுள்ளவர்கள் அங்கே கட்டிலும் மின்விசிறியும் எடுத்தார்கள். நான் ஒரு பித்தளைத் தொலைநோக்கியையும், அதற்கான இரும்புத் தாங்கியையும், அட்டை இல்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் எடுத்து வந்தேன். ஒரு மாதத்துக்குள் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான், எனக்குப் பெண் தேடியதில், செண்பகத்தின் வீட்டுப் பேச்சு வந்தது. உஜோங் பாசிரிலிருந்து காஜா பேராங்குக்கு அண்மையில் குடிவந்த குடும்பம். அப்பா துறைமுகச் சுங்கத்தில் வேலை, அதிகம் பேசாதவர். தரகர் என்னைப் பற்றிப் பெருமையாக, "மாப்பிள்ளை நட்சத்திரம் பார்ப்பார்" என்று சொல்லி வைக்க, அவர்கள் என்னை ஜோசியன் என்று நினைத்துப் பெண்ணின் ஜாதகத்தையே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, பையன் படம் பிடிக்கிறவன் என்று திருத்தி அனுப்பினாள். அதற்குப் பெண்ணிடமிருந்தே பதில் வந்தது. தன்னுடைய ஜன்ம நட்சத்திரம் ரோகிணி. அதைப் படம் பிடிக்க முடியுமா? கேலிக்குத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு அது புரியவில்லை. பெண் பார்க்க வரும்போது கையோடு கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நிலாவைக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். நட்சத்திரம் மங்கல், என்னிடம் இருந்த பழைய கேமராவின் கண்ணைப் பத்து நிமிடமாவது திறந்து வைத்தால்தான் படத்தட்டில் பதியும். அதற்குள் வானம் நகர்ந்துவிடும், புள்ளி கோடாகிவிடும். ஆகவே தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து அதே வேகத்தில் திரும்ப வேண்டும். திருப்புவதற்கு ஒரு மோட்டார் வேண்டும். அக்கா வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது, அவள் கல்யாணத்துக்கு வந்த சீர். அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் அதைப் பிரித்துவிட்டேன். அதன் சுருள்வில்லோடு இரண்டு பழைய கடிகாரங்களின் பல்சக்கரங்களைச் சேர்த்ததில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுற்றுச் சுற்றும் இயந்திரம் பிறந்தது. அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கல்யாணக் காரியம் என்பதால் இறங்கி வந்தாள்.

இறங்கி வந்தவளை வேலைக்கு வைத்துக்கொண்டேன். மோட்டார் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். யாராவது தொலைநோக்கியில் கண்ணை வைத்து, நட்சத்திரம் நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் திருகைத் திருப்பிச் சரிசெய்வேன். நடுக்கோடு என்பது அக்காவின் தலைமுடி ஒன்றைக் கண்ணாடிக்குக் குறுக்கே ஒட்டியது. கேமராவைத் தொலைநோக்கியின் முதுகில் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். மறுபக்கம் கனத்துக்கு, பால் டின்னில் மணல்.

முதல் நாள் அக்கா "இடது" என்றால் இடப்பக்கம் திருப்பினேன். நட்சத்திரம் இன்னும் வேகமாக ஓடியது. முக்கால் மணி நேரம் சண்டை போட்ட பிறகுதான், தொலைநோக்கிக்குள் எல்லாம் தலைகீழ் என்பது தெரிந்தது. இடது வலதைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு பக்கம் ஓடினால் "கடல் பக்கம்", மறுபக்கம் ஓடினால் "கோயில் பக்கம்". இரண்டாம் நாள் சக்கரத்தின் பல் ஒன்று தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினேன். மூன்றாம் நாள் எல்லாம் சரியாகச் சுற்றியும் நட்சத்திரம் நழுவியது. புத்தகத்தைப் புரட்டினேன். தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. துரை அதை லண்டன் வானத்துக்கு ஏற்றபடி பாதி உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். நானும் மூன்று நாளாக மலாக்காவில் லண்டனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் ஊரில் துருவ நட்சத்திரம் தரையை ஒட்டித்தான் இருக்கும். அச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். படுக்க வைத்தேன். ஆனால் நட்சத்திரத்தையே காணோம்; தென்னை மரங்கள்தான் தெரிந்தன. அலுவலகத்திலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்து வந்திருக்கலாம். வடக்கு அம்பு போடுகிறவன் வடக்கைத் தேடுகிறான் என்று சிரிப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள்தான் பெண் பார்க்கும் நாள். எட்டேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும். முந்தின நாளே தரகர் வந்து வழி சொல்லியிருந்தார். கம்பத்துக்குள்ளே (மலாய்க் கிராமத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்) தோப்பை ஒட்டிய வீடு, சடக்கில், அதாவது சாலையில், விளக்கு கிடையாது, அடையாளத்துக்கு வாசலில் ஒரு மூங்கில் நட்டு உயரமாக வெளிச்சம் கட்டி வைப்பார்கள். அக்கா இதை என்னிடம் சொன்னபோது நான் பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். "ம்" என்றேனாம்.

அன்று ஏழரை மணிக்குக் கொல்லையில் கடைசியாக ஒரு முறை வடக்கே குனிந்து பார்த்தேன். தென்னை மட்டைகளுக்கு நடுவே, தரையிலிருந்து சற்றே மேலே, வெண்மஞ்சளாக ஒரு நட்சத்திரம்! மூன்று நாளாக இல்லாதது. மேகம் விலகியிருக்கும் என்று நினைத்தேன். வானத்தில் அசையாத நட்சத்திரம் அது ஒன்றுதான் என்று புத்தகம் சொன்னதால், ஐந்து நிமிடம் கடிகாரத்தை வைத்துச் சோதித்தேன். இம்மியும் அசையவில்லை. அச்சை அதன் மேல் நிறுத்தி எல்லாத் திருகுகளையும் முறுக்கினேன். கால் மணி நேர வேலை; படத்தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், நாளை கழுவித் தருகிறேன் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

ரோகிணி அந்நேரம் ஏறக்குறைய உச்சியில் இருந்தது. அதைப் பார்க்கத் தொலைநோக்கியின் அடியில் படுக்க வேண்டும். அக்கா பட்டுச் சேலையோடு, தலை நிறையப் பூவோடு பாயில் படுத்தாள். பூப்பழத் தட்டு அவள் தலைமாட்டில் இருந்தது. அத்தான் வாசலில் காரைத் திருப்பி நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். (கால் மைலுக்குக் கார் எதற்கு என்று கேட்கக் கூடாது. பெண் பார்க்க நடந்து போகக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.) ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கேமராவைத் திறந்தேன்.

"தம்பி, ஓடுது."

"கடல் பக்கமா, கோயில் பக்கமா?"

அக்கா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். "ரெண்டும் இல்லடா. இது நேரா கோலாலம்பூர் பக்கம் போவுது."

கோலாலம்பூர் எங்களுக்கு வடக்கே, அதாவது நட்சத்திரம் வடக்கே நழுவுகிறது. எங்கள் ஏற்பாட்டில் அந்தப் பக்கம் கிடையாது. அதற்கான திருகும் துருப்பிடித்திருந்தது. இன்றும் எங்கள் குடும்பத்தில் சோறு குழைந்தாலும், பிள்ளைகள் பரீட்சையில் கோட்டை விட்டாலும், "கோலாலம்பூர் பக்கம் போயிருச்சு" என்பதுதான் பேச்சு. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராவை மூடித் திறந்தேன். மோட்டாருக்கு மறுபடி சாவி கொடுத்தேன். பால் டின்னில் மணலைக் கூட்டினேன், குறைத்தேன். தாங்கியின் காலுக்கு ஓட்டுச்சில் வைத்தேன். கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் வடக்கே குனிந்து துருவ நட்சத்திரம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அது ஒன்றைத் தவிர.

எட்டேகால் ஆனது. எட்டரை ஆனது. "போதும் வாடா, பொண்ணு வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று அக்கா நான்கு முறை சொல்லியிருப்பாள். ஐந்தே நிமிடம் என்று நானும் நான்கு முறை சொன்னேன். வாக்குக் கொடுத்த படம் இல்லாமல் அந்தப் பெண்ணின் முன்னால் போய் நிற்பது எனக்கு உயிர் போவது போல் இருந்தது. போகாமலே இருப்பது அதைவிட மோசம் என்று தோன்றவில்லை. அத்தான் ஒருமுறை ஹாரன் அடித்தார். பிறகு சத்தம் இல்லை. தூங்கிவிட்டார்.

ஒன்பது மணிக்குப் பக்கத்தில் இன்னொரு முறை வடக்கே குனிந்தேன்.

"அக்கா," என்றேன், "துருவ நட்சத்திரம் நகருது."

"அது நகராதுன்னுதானேடா சொன்ன?"

நகர்ந்தது. மெல்லக் கீழே இறங்கியது. ஆடியது. தோப்பை விட்டு வெளியே வந்தது. சடக்கில் ஏறி, மளிகைக் கடைக்குப் பின்னால் மறைந்து, மறுபடி தெரிந்து, எங்கள் வேலி ஓரமாக நடந்து வந்தது. உலகம் தோன்றிய நாளிலிருந்து அசையாமல் நின்ற நட்சத்திரம் செருப்புச் சத்தத்தோடு கொல்லைக்குள் நுழைந்தபோது, அது காற்றடிக்கும் கேஸ் விளக்காக இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்தவர் செண்பகத்தின் அப்பா.

அந்த வெளிச்சத்தில் அவர் பார்த்தவை: பட்டுச் சேலையோடு பாயில் மல்லாந்து கிடக்கும் ஒரு பெண்மணி, வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெயோடு மாப்பிள்ளை, இசைத்தட்டு இல்லாமல் ஓடும் கிராமபோன் மோட்டார். கேமரா திறந்தே இருந்தது. முன்னறைப் படத்தில் அந்தச் சாய்வுக் கோடு ரோகிணி; ஓர் ஓரம் வெளுத்திருக்கிறதே, அது அவர் வந்த வெளிச்சம்.

அவர் சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது. எங்களுக்கு முன் இரண்டு வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதிலே சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் வரவே இல்லை. அவர் முக்கால் மணி நேரம் மூங்கிலடியில் நின்றுவிட்டு, விளக்கை அவிழ்த்துக்கொண்டு கேட்கவே வந்திருக்கிறார். அந்த முக்கால் மணி நேரம் எப்படிப்பட்டது என்று எனக்கு இந்த வாரம்தான் தெரிகிறது. எங்கள் சடக்கில் இப்போது வரிசையாக விளக்குகள் இருக்கின்றன. இருந்தும் வாசலில் நானும் ஒன்று கட்டியிருக்கிறேன்.

"எம் பொண்ணுகிட்ட என்ன குறையக் கண்டீங்க?" என்றார். கோபம் இல்லை. விளக்கை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

எனக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை.

"குறையே இல்லீங்க மாமா. ஏழரையிலருந்து உங்க வீட்டு விளக்கத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அக்கா பாயில் எழுந்து உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது. பிறகு அவளே ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்: ரோகிணி, கிராமபோன், லண்டன், கோலாலம்பூர். நான் வரைபடத்தில் வடக்கு அம்பு போடுகிறவன் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அது அவசியமே இல்லை.

அவர் விளக்கைத் தரையில் வைத்தார். சுங்கத்தில் பெட்டியைச் சோதிக்கிறவர் போலக் குனிந்து பல்சக்கரங்களைப் பார்த்தார். பால் டின்னை விரலால் தட்டினார். பிறகு, அக்கா நகர்ந்துகொள்ள, அந்தக் கனத்த மனிதர் எங்கள் பாயில் மெதுவாகப் படுத்துத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். நான் கையாலேயே குழாயைத் தள்ளி ரோகிணியை அவருக்காக நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"செவப்பா இருக்கே," என்றார். "எம் பொண்ணோடதா?"

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு, விளக்கைக் கையில் எடுத்தார். வாசல் பக்கம் நடந்து, தூங்கிக்கொண்டிருந்த அத்தானின் கார்க் கண்ணாடியை இரண்டு முறை தட்டி எழுப்பினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"வெளக்கு முன்னால போவுது தம்பி. பாத்துக்கிட்டே நிக்காம, இந்தத் தடவ பின்னால நடந்து வாங்க."