ஆறாயிரம் தர முடியாது

கடிதத்தை எழுதி முடித்த பிறகு அரியரத்தினம் 'மூவாயிரம் யூரோ' என்றிருந்த இடத்தை அழித்துவிட்டு 'ஆறாயிரம்' என்று போட்டார்.

"என்னப்பா இது? காலமை மூவாயிரம் எண்டுதானே சொன்னியள்?" மனைவி பாலாம்பிகை ஒரு குளிர்ச்சட்டைக்கு மேல் இன்னொன்றை மாட்டியபடி கேட்டாள்.

"மூவாயிரம் வேணுமெண்டால் ஆறாயிரம் கேக்கவேணும். வங்கிக்காரன் ஆயிரத்தில தொடங்குவான். நடுவில வந்து கை குடுப்பம்."

"அவன் ஜேர்மன்காரனப்பா. நடுவில வரமாட்டான்."

"கல்லாவில இருக்கிறவன் எந்த நாட்டுக்காரனெண்டாலும் கல்லாவில இருக்கிறவன்தான்."

அரியரத்தினம் யாழ்ப்பாணத்தில் ஒரு சுன்னாகத்துப் புடவைக்கடைக்காரரின் மகன். ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் பதினொரு வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறார். சொந்தம் என்பது பேச்சுக்குத்தான். திறப்புக் கொத்து இவரிடம், வீடு வங்கியின் சட்டைப்பைக்குள்.

நவம்பர் பிறந்த அன்றே வீட்டைச் சூடாக்கும் ஹீற்றர் செத்துப்போனது. பார்க்க வந்தவன் மூவாயிரம் ஆகும் என்றான். வீட்டில் அவ்வளவு காசில்லை. காப்புறுதிக் கடதாசியைத் தேடி அலுமாரியைக் கிளறியபோதுதான் வீட்டுக்கடன் ஒப்பந்தம் கையில் வந்தது. அதில் வட்டி 1.9 வீதம். வங்கி எடுத்துக்கொண்டிருந்ததோ 2.4. கையில் அகப்பட்ட நாலு வருடக் கடதாசிகளையும் வைத்துக் கூட்டிப்பார்த்தார். கூடுதலாக எடுத்தது மூவாயிரம்! ஹீற்றருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

கடிதம் போன நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. வங்கி கோபித்துக்கொண்டால்? 'உனக்குக் கடனும் இல்லை, வீடும் இல்லை' என்றால்?

ஒரு கிழமையில் பதில் வந்தது. 'ஆறாயிரம் எப்படி வந்தது என்பதற்கான கணக்கை அனுப்பவும்.'

அரியரத்தினத்துக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. சாமான்கடை வைத்திருக்கும் கிறிஸ்தோப்பரிடம் ஓடினார். கடிதத்தைப் பார்த்த கிறிஸ்தோப்பர் நிறுத்துக்கொண்டிருந்த வெண்டிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டார்.

"அரியண்ணை, இல்லாத கணக்குக்குக் காசு கேட்டனீங்களோ? இஞ்சை அதுக்குப் பேர் மோசடி. வழக்குப் போடுவாங்கள்."

"கேக்கிறதுக்கும் வழக்கோ? தரமாட்டன் எண்டால் நான் இறங்கிப்போவன்தானே?"

"அப்ப உடனை இறங்கி எழுதுங்கோ. மூவாயிரமெண்டு உண்மையைச் சொல்லுங்கோ."

"ஒரேயடியா மூவாயிரத்துக்கு இறங்கினால், முதல் சொன்னது பொய்யெண்டு பிடிச்சிடுவான்" என்ற அரியரத்தினம், 'சிறு பிழை நேர்ந்துவிட்டது, நாலாயிரத்து ஐந்நூறு' என்று இரண்டாவது கடிதத்தை எழுதினார்.

இந்த முறை பதில் மூன்றே நாளில் வந்தது. 'நீங்கள் இரண்டு கடிதங்களில் இரண்டு தொகை கூறியுள்ளதால், உங்கள் கோப்பு முழுவதும் கணக்காய்வுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேரில் வரவும்.'

"கோப்பு முழுக்கவாம்" என்று அதையே நாலு தரம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கல்யாணத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். துணைக்குப் பாலாம்பிகை. மேசைக்கு அந்தப் பக்கம் லிண்ட்னர் என்ற பெண்மணி. முன்னால் செங்கல் தடிப்பில் கோப்பு. அதன்மேல் ஒரு தனித்தாள்.

"திரு அரியரத்தினம், ஆறாயிரம் யூரோ எங்களால் தர முடியாது" என்று அவள் தொடங்கினாள்.

'தொடங்கிவிட்டாள்' என்று நினைத்தார் அரியரத்தினம். வாய் தானாகவே அப்பாவின் புடவைக்கடைக்குள் இறங்கியது.

"நாலாயிரத்து ஐந்நூறு."

"அந்தத் தொகையும் சரியில்லை. நாங்கள் முழுக்கப் பார்த்ததில்..."

முழுக்கப் பார்த்துவிட்டார்களாம்! "சரி, மூவாயிரம். கடைசி விலை."

லிண்ட்னர் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இல்லை. அதுவும் இல்லை."

"இரண்டாயிரம்."

"இஞ்சேருங்கோ, அவவைக் கதைக்க விடுங்கோவன்" என்று பாலாம்பிகை அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு, அவ இறங்கிற நேரம்" என்று தமிழில் சீறிவிட்டு, ஜேர்மனில், "ஆயிரத்து ஐந்நூறு. வீட்டில் சரியான குளிர், அம்மணி" என்றார்.

லிண்ட்னர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "இது சந்தை இல்லை, திரு அரியரத்தினம். தொகை இந்தத் தாளில் இருக்கிறது. இதில் ஒரு சதத்தைக்கூட என்னால் மாற்ற முடியாது. நீங்களே வாசித்துப் பாருங்கள்."

தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நீட்டியதைத் தொட்டால் விலைக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும். இனி ஒரே ஓர் ஆயுதம்தான் மிச்சம். எழும்பி நடப்பது.

எழும்பினார். நடந்தார். அப்பாவின் கடையில் வேண்டாம் என்று எழும்பிய எவரும் ஆறாவது அடியைத் தாண்டியதில்லை. அதற்குள் அப்பா கூப்பிட்டுவிடுவார். அரியரத்தினம் ஆறாவது அடியில் நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். ஒன்பதாவதில் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். கதவடியில் பின்னால் குரல் கேட்டது. முகம் மலரத் திரும்பினார்.

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தாள்.

ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலில் இருவரும் கீழே தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்கள். "அந்தக் கடதாசியை எடுத்துப் பைக்குள்ள வைச்சிருக்கிறன். வாசிக்கிறியளோ?" என்று பாலாம்பிகை கேட்டாள்.

"வேண்டாம்! வழக்குக் கடதாசியை இதுக்குள்ள வைச்சு வாசிச்சால் நான் ஆத்துக்குள்ள குதிச்சிடுவன்."

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்தோப்பருக்குப் போன் போட்டார்.

"ஒரு சதமும் மாத்த ஏலாதெண்டு சொன்னவவோ?" கிறிஸ்தோப்பரின் குரல் இறங்கியது. "அப்ப முடிஞ்சுது அண்ணை. முழுக்கடனையும் ஒரேயடியாக் கட்டச் சொல்லப்போறாங்கள். வீடு முக்கியமெண்டால் இண்டைக்கே சரணடையுங்கோ."

அரியரத்தினம் மூன்றாவது கடிதத்தை எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரத்துக்கு இடமில்லாத கடிதம். 'எனக்கு வங்கியிடமிருந்து எந்தக் காசும் வேண்டாம். இன்றும் வேண்டாம், என்றும் வேண்டாம். என் வீட்டை மட்டும் விட்டுவிடவும்.' தபாலை நம்பாமல் தானே திரும்பிப்போய் வங்கியின் பெட்டிக்குள் போட்டார். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டபோது நெஞ்சுப் பாரமும் கூடவே விழுந்தது.

வீடு வந்தபோது எவ்லின் இருந்தாள். கிறிஸ்தோப்பரின் மகள், வரிக்கணக்கு அலுவலகத்தில் வேலை. தகப்பன் கொடுத்துவிட்ட சின்னக் கரண்ட் ஹீற்றரை இறக்கி வைத்துவிட்டு, பாலாம்பிகை நீட்டிய தாளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்பிடாமல் சொல்லு பிள்ளை" என்றார் அரியரத்தினம். "எப்பிடியும் நான் எல்லாத்தையும் முடிச்சிட்டன்."

எவ்லின் சிரித்தபடி நிமிர்ந்தாள்.

"ஆறாயிரம் தர ஏலாதெண்டு அவ சொன்னது சரிதான் அங்கிள். நீங்கள் நாலு வருசம்தான் பாத்தியள், அவை பதினொரு வருசத்தையும் பாத்து ஒன்பதாயிரத்து நூற்றிருபது எண்டு போட்டிருக்கினம், மாசக் கடைசியில தாங்களே அனுப்புவினமாம், 'எனக்கு வேண்டாம்' எண்டு நீங்களா எழுதிக் குடுத்தால் மட்டும்தான் நிப்பாட்டுவினமாம், ஆர் அங்கிள் அப்பிடி எழுதிக் குடுப்பினம்?"