உம்மாவின் கட்டிலுக்கு மேலே ஒரு புரதம்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் உம்மாவுக்குச் சூனியம் வைத்தவன் நான்தான். எங்கள் ஊர் கல்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (சிலாபம் வரைக்கும் கதை போயிருப்பதாகக் கேள்வி.)

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கையால் செய்துவந்து விளக்கச் சொன்னார் விரிவுரையாளர். நான் எடுத்தது மனித உடம்பே தயாரிக்கும் ஒன்று. நம் கலங்களின் (செல்களின்) மேல் வாங்கி என்றொரு பொருள் இருக்கிறது. காய்ச்சல் மூட்டும் தூதுப் புரதம் அதில் வந்து உட்கார்ந்தால்தான் உடம்பு கொதிக்கும். என் ஆள் முந்திப்போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான். வேறு ஒரு வேலையும் செய்யமாட்டான். பஸ் சீட்டில் கைலேஞ்சி போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே வித்தைதான்.

மற்றவர்கள் கடையில் பிளாஸ்டிக் உருண்டை வாங்கினார்கள். எனக்கு மூளை கொஞ்சம் அதிகம். வாப்பாவின் நீல வலைக் கயிற்றில் அமினோ அமிலம் ஒன்றுக்கு ஒரு முடிச்சாக நூற்று ஐம்பத்திரண்டு முடிச்சுப் போட்டேன். அதைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, பன்னிரண்டு இழைகள் ஏறி இறங்கும் பீப்பாயாக வளைத்தேன். வாங்கியைத் தொடும் இடங்களைக் காட்ட, உம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துத் துணுக்குகள் கட்டினேன். தொங்கவிட வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஆணி உம்மாவின் கட்டிலுக்கு மேலே கூரை வளையில் இருந்தது. அங்கேயே தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள், டெங்கு இல்லை. மருந்து தந்தார்கள், இறங்கவில்லை. ஐந்து நாள் காய்ந்த பிறகு உம்மா என்னைப் பார்த்து, எப்போதோ மௌத்தாகி அடக்கமாகிவிட்ட தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உம்மா போய்விடுவாரோ என்ற பயம் முதன்முதலில் வந்தது அப்போதுதான். புத்தளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் பிடிக்க வாப்பா ஓடினார்.

அன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு காற்று நின்றுபோனது. எங்கள் ஊரில் காற்று நிற்பது லேசில் நடக்கிற காரியமல்ல. காற்றாலைகள் எல்லாம் கையை விரித்தபடி நின்றன. உம்மாவின் தலைக்கு மேலே என் புரதம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, அண்ணாந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் முடிச்சுப் போட்ட கயிறு அகப்பட்டால் அது கயிறல்ல, சூனியம். நோயாளியின் உடுப்புத் துண்டும் அதில் இருந்துவிட்டால் பிறகு பேச்சே இல்லை. கால் மணித்தியாலத்தில் ஓதிப் பார்க்கும் லெப்பை வந்துவிட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

"சாச்சி, அத நான்தான் கட்டின."

சாச்சி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். "பெத்த உம்மாவுக்கா மகன்?"

இது காய்ச்சலைக் குறைக்கிற சாமான், உம்மாவின் உடம்புக்குள்ளேயே இது கோடிக்கணக்கில் ஓடுகிறது என்று விளக்கினேன். படித்தவன் அல்லவா. சாச்சி உம்மாவின் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். கட்டச் சொன்னது யாரென்று லெப்பை விசாரித்தார். லெக்சரர் என்றேன். அவர் எந்த ஊர், என்ன ஓதுகிறவர் என்று கேட்டார்.

பிறகு அமைதியாகச் சொன்னார்: "கட்டின கைதான் அவுக்கோணும். கடைசியில இருந்து தொடங்குங்க மகன்."

திங்கட்கிழமை அந்த உருவத்தோடு போய் நிற்காவிட்டால் என் பட்டம் சந்தேகம். ஆனால் உம்மாவின் மூச்சு இரைந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்பித்தான் அவிழ்த்தேன். சாம்பிராணிப் புகைக்குள் லெப்பை ஓதியபடி தஸ்பீஹ் மாலையில் முடிச்சுக்கு ஒரு மணியாகத் தள்ளினார். இழை இழையாகப் பீப்பாய் சரிந்தது. கயிற்றின் ஆரம்ப நுனியில் இருந்த கடைசி முடிச்சு நகத்துக்கு இணங்காமல் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். அது விட்டுக்கொடுத்த கையோடு உம்மாவின் நெற்றியில் வியர்வை பூத்தது.

உம்மா கண்ணைத் திறந்து என்னை என் பெயராலேயே கூப்பிட்டார். பிறகு கேட்டார்: "தேத்தண்ணி ஈக்கா மகன்?"

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

லெப்பை இரண்டாம் சுற்றில் நின்ற மணிகளை எண்ணிப் பார்த்தார். "நூத்தி அம்பத்தி மூணு."

நான் போட்டது நூற்று ஐம்பத்திரண்டுதான் என்றேன்.

"அப்ப அந்த ஒண்டு நீங்க கட்டினதில்ல," என்றார். கயிற்றைச் சுருட்டிக் களப்புத் தண்ணீரில் போட எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வெறும் கம்பியோடு போய் நின்றேன். அந்தப் பாடத்தில் இரண்டாம் தடவைதான் தேறினேன். இன்று அதே பாடத்தை நானே படிப்பிக்கிறேன். குடும்பத்தில் யாருக்குத் தடிமல் பிடித்துத் தும்மினாலும் சாச்சி எனக்குத்தான் போன் எடுப்பார்: "இப்ப என்னத்தக் கட்டி வச்சீக்க? அவுத்து உடு மகன்." பின்னால் உம்மா சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. அதே புரதத்தை ஊசிமருந்தாகவும் தயாரிக்கிறார்கள். உடம்பு செய்வதற்கும் மருந்துக்கும் அமில வரிசையில் ஒரே ஒரு வித்தியாசம்தான். மருந்தில் ஆரம்ப நுனியில் ஓர் அமினோ அமிலம் கூடுதலாக இருக்கும். மொத்தம் நூற்று ஐம்பத்து மூன்று.