தேறாவிட்டால் சேவல் வாபஸ்

கெனித்ரா நகரத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த மாதம் பிள்ளைகளின் எதிர்காலம் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒரு இடத்தில் இலவசம், இன்னொரு இடத்தில் விலை ஒரு சேவல்.

இலவசம் பள்ளிக்கூடத்தில். அரசாங்கம் போன வருடம்தான் தொழிற்பயிற்சி நிலையம் கட்டியிருந்தது. நுழைவுத் தேர்வுக்கு மாலை வகுப்பும் உண்டு, பயிற்சி முடித்தால் தொழிற்சாலையில் வேலை பழக ஏற்பாடும் உண்டு. வகுப்பில் வாத்தியார் இத்ரீஸ் காலி பெஞ்சுகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சேவலுக்குக் கிடைக்கும் எதிர்காலம் ஜிலாலி வீட்டில். அங்கே நிற்க இடமில்லை.

ஊர் அவரை ஃபகீ என்று மரியாதையாக அழைத்தது. ஓதிப் பார்த்துத் தாயத்து கட்டுகிறவர். பள்ளிவாசல் இமாமும் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார், அதை அச்சில் போட முடியாது. ஜிலாலி ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றுவார். அது சுருண்டு கிடக்கும் விதத்தைப் பார்த்து, பிள்ளைக்கு இடம் கிடைக்குமா, யாருடைய கண்ணேறு மறிக்கிறது என்றெல்லாம் சொல்வார். கண்ணேறு பெரும்பாலும் நாத்தனாருடையதாகவே இருக்கும். வந்த பெண்கள் உடனே நம்பிவிடுவார்கள்.

ஊர் சொக்கிப்போனது வேறொன்றில். பிள்ளை தேறாவிட்டால் சேவலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். போன வருடமும் கொடுத்தார். இப்படியொரு நாணயஸ்தன் உண்டா என்று தோற்ற பிள்ளைகளின் தாய்மார்தான் அவரை அதிகம் புகழ்ந்தார்கள். ஜெயித்தவர்களின் சேவல்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவை எப்போதோ குழம்பாகியிருந்தன.

ஒரே ஒரு பத்தியம் உண்டு. தாயத்து கட்டியபின் தேர்வு முடியும்வரை புத்தகத்தைத் தொடக்கூடாது, தொட்டால் பரக்கத் என்கிற இறையருள் கோபித்துக்கொள்ளும். ஊர்ப் பையன்கள் இந்தப் பத்தியத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

புவஸ்ஸா கழுதை வண்டியில் மத்தி மீன் விற்பவர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நல்ல மனிதர். மகள் ரபியாவுக்குக் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் படிப்பில் சேர ஆசை. வெயிலில் வாப்பாவின் மீன் கெட்டுப்போவதைப் பார்த்தே வளர்ந்தவள். இடம் கிடைக்காவிட்டால் அவளுடைய சித்தப்பா பெண்களைப்போல அவளும் முதுகை வளைத்து ஸ்ட்ராபெரி பறிக்கப் போக வேண்டியதுதான். மாலை வகுப்பில் அப்போதுதான் பின்னக் கணக்கு அவளுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து புவஸ்ஸா, மனைவி தாமூ ஆசையாக வளர்த்த செஞ்சேவலைத் தூக்கிக்கொண்டு போய்த் தாயத்தோடு வந்தார். மகள் கழுத்தில் கட்டினார். புத்தகங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ரபியா கத்தவில்லை. "வாப்பா, நான் தோத்தா உங்களுக்குச் சேவல் வந்துரும். எனக்கு என்ன வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

வாயைக் குறை என்று சொல்லிவிட்டாரே தவிர, புவஸ்ஸாவுக்கு அன்று சூப்பு இறங்கவில்லை. ஸ்ட்ராபெரி வயல் கண்முன்னால் வந்து வந்து போனது. மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு ஜிலாலி வீட்டுக்குப் போனார். வழியில் அவள் ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்தாள். அதில் என்ன விஷயம் இருக்கிறது என்று தெரியாமலே, கூட்டத்தின் நடுவில் அவர் பணிவாகக் கேட்டார்.

"ஃபகீ, யார் தேறுவாங்கன்னு ஈயத்துல தெரியுமில்ல?"

"ரொட்டி மேல எள்ளு மாதிரி தெரியும்."

"அப்ப தேறாத புள்ளைங்களோட சேவலை இப்பவே கொடுத்துருங்களேன். முடிவு வர்ற வரைக்கும் நீங்க எதுக்குத் தீனி போட்டுச் சிரமப்படணும்?"

ஃபகீயின் சிரமத்தைக் கூட்டத்தில் யாரும் இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று ஜிலாலி இழுத்தார். கசாப்புக்கடைக்காரர் மனைவி யாமினா விடவில்லை. தன் மகன் சேவல் எந்தப் பக்கம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்றாள்.

ஜிலாலி ஈயம் ஊற்றினார், உற்றுப் பார்த்தார், பெருமூச்சோடு சேவலை அவள் கையில் கொடுத்தார். யாமினா சேவலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஆட்டுத் தொடையை ஒற்றைக்கையால் தூக்கி மாட்டுகிறவள். ஈயத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டதாகச் சொல்லி அவர் அவசரமாகச் சேவலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்து ஒரு மூட்டை தூக்குபவரிடம் கொடுத்துப் பார்த்தார். அவரும் குரலை உயர்த்தினார், அந்த ஈயமும் தலைகீழானது. கடைசியில் ஒரு சேவலும் வெளியே போகவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். கூட்டத்துக்கு வாயெல்லாம் பல்.

ரபியா மெதுவாகச் சொன்னாள்: "இங்க நிக்கிற சேவல்ல பாதிக்குக்கூடப் பயிற்சி நிலையத்துல இடம் கிடையாது. எல்லாரும் எப்படித் தேறுவாங்க?"

முற்றத்துச் சேவல்களை ஒவ்வொருவரும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு தாய் தயங்கித் தயங்கி, போன வருடம் தேறிய தன் மகன் பத்தியத்தை மீறிப் போர்வைக்குள் ஒளிந்து படித்தான் என்றும், பயத்தில் வெளியே சொல்லவில்லை என்றும் ஒப்புக்கொண்டாள்.

"அப்ப ஜெயிக்கிறவன் தானாப் படிச்சு ஜெயிக்கிறான், சேவல் உனக்கு. தோக்கிறவனுக்கு வருஷமே போச்சு, உனக்கு ஒண்ணும் போகல. எம் மவனை உக்கார வச்சுட்டியேய்யா," என்றாள் யாமினா.

ஜிலாலி மொட்டைமாடி வழியாகப் பின்சந்தில் குதித்தார். ஊருக்கே எதிர்காலம் பார்த்தவர், அந்தச் சந்தில் தாமூ நிற்பதைப் பார்க்கவில்லை. செஞ்சேவலைத் தேடி வந்திருந்தாள், கையில் விளக்குமாறு இருந்தது.

எந்தச் சேவல் யாருடையது என்று முற்றத்தில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, புவஸ்ஸா மகள் கழுத்துக் கயிற்றை மீன் கத்தியால் அறுத்தார். வெட்கமாக இருந்தது. பெட்டிச் சாவியை அவளிடம் கொடுத்து, "ஓடு, வகுப்பு ஆரம்பிச்சிருக்கும்," என்றார்.

அன்று மாலை பெஞ்சு போதவில்லை. இத்ரீஸ் பின்னக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். அரசாங்கம் வகுப்பு வைக்கலாம், பட்டறை கட்டலாம், வேலைக்கு வழியும் காட்டலாம். ஆனால், கழுத்தில் கட்டியதைவிடக் கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் அதிகம் நம்புங்கள் என்று எந்த அரசாங்கமும் வீடுவீடாக வந்து சொல்லாது. அதை நாமேதான் யோசித்துக்கொள்ள வேண்டும்.