பள்ளி ஸ்பீக்கரில் பிரம்பிள்துவைட்

அரைகுறையாகக் கேட்டதை ஊர் முழுக்கச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அதற்குத் தண்டனையாகத்தான் இந்த வெள்ளைக்காரக் குடும்பப் பெயர் என்னோடு ஒட்டிக்கொண்டது.

கற்பிட்டியில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். (இதுவும் போனால் மாமனார் முகத்தில் முழிக்க முடியாது.) எழுபது வயது இங்கிலாந்துக்காரர் ஒருவர் வந்து, ஹென்றி பிரம்பிள்துவைட் என்று பதிவேட்டில் எழுதி, பின்பாதியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இந்தப் பிரம்பிள்துவைட்டைத் தேடித்தான் வந்தேன். கடைசிக் கடிதம் இங்கிருந்துதான் போட்டார். பிறகு தகவலே இல்லை.”

எங்களில் பெயருக்குப் பின்னால் நிற்பது வாப்பாவின் பெயர். நான் நியாஸ், வாப்பா கபூர். ஆகவே நியாஸ் கபூர். வெள்ளைக்காரருக்கு வேறு சட்டம் என்று யார் கண்டது? யா அல்லாஹ், மனுஷன் பெற்ற வாப்பாவையல்லவா தேடுகிறார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் குளிக்கப் போனதும் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

அஸர் தொழுகை முடிந்ததும் ஸ்பீக்கர் அலறியது: “வெள்ளைக்கார முதியவர் ஒருவரைக் காணவில்லை. பெயர் பிரம்பிள்துவைட். வயது தொண்ணூறுக்கு மேல்...”

மீன்பிடிப் போட்டுகள் களப்பில் இறங்கின. எங்கள் சமையல்காரர் கறியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பற்றைக் காட்டுக்குள் புகுந்தார். பள்ளித் தலைவர் ஆட்களோடு விடுதிக்கே வந்துவிட்டார்.

“வாப்பா எப்ப காணாமப் போனாரு? என்ன உடுப்புப் போட்டிருந்தாரு? கேளுங்க தம்பி.”

கேட்டேன். தேநீர்க் கோப்பையோடு வெள்ளைக்காரர் விழித்தார். “அப்பாவா? இவர் என் பாட்டனுக்கும் பாட்டன்! போய் இருநூறு வருஷம்!”

சொல்லாமலும் இருக்க முடியவில்லை, கூடியிருந்தவர்களுக்குத் தமிழில் சொன்னேன்.

“அடப் பாவி! களப்புல இருபது போட்டு நிக்குதுடா!” என்றார் விடுதி முதலாளி.

பிறகுதான் விளக்கம் வந்தது. அது தலைமுறை தலைமுறையாக வரும் பெயராம். முள்ளுப் பற்றை வெட்டிய நிலம் என்று அர்த்தமாம். அந்தப் பெயர் கொண்ட கிராமமே இப்போது இல்லையாம். தனக்குப் பிள்ளைகள் இல்லை, பெயர் தன்னோடு முடிகிறது என்றார். போட்டுகள் எதற்கு என்று கேட்டார். சொன்னதும் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“இருநூறு வருஷமாக அவரை ஒருவரும் தேடவில்லை,” என்று தேம்பினார்.

என்னை விரட்ட வாயெடுத்த முதலாளி மூடிக்கொண்டார். இரண்டு நாளுக்கு வந்தவர் இரண்டு கிழமை தங்கினார். வேலை தப்பியது. முன்னோரின் எலும்புகூடக் கிடைக்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் மகளின் கல்யாணக் கார்டைக் கொடுக்கப் போனேன். வாங்கிப் பார்த்த மீன்காரர் நெற்றியைச் சுருக்கினார். “நியாஸ் கபூரா? அது யாரு?” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அட, பிரம்பிள்துவைட்ட மகளுக்கா கல்யாணம்! அத முதல்ல சொல்லுங்களே!”