பதினாலு பொட்டலமும் மன்னரின் பட்டங்களும்

மிளகுநாட்டில் எல்லோருக்கும் வயிறு எரியும். சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். மூன்று தலைமுறையாக எரிந்ததால் மன்னர் அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கி, நாட்டின் பெருமைகளில் சேர்த்தார். அந்த ஆணையை முரசடித்துச் சொன்னவன் நான்தான். சொல்லிவிட்டு ஓரமாகப் போய்ப் புளித்த ஏப்பம் விட்டேன்.

மருத்துவர் செம்மலர் மட்டும் பெருமைப்படவில்லை. "வயிற்றுச் சுவரில் ஒரு கிருமி குடியிருக்கிறது, மன்னா. மருந்து இருக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டும்."

"எம் அனுமதியின்றி எம் குடிகளுக்குள் குடியேறியது யார்?" என்று வெகுண்ட மன்னர், சோதனைக்கு உத்தரவிட்டார்.

இருநூறு நோயாளிகள். பாதிப்பேருக்குச் சிவப்புப் பொட்டலம், பாதிப்பேருக்கு வெள்ளை, நாளுக்கு ஒன்று. ஒரு நிறத்தில் மருந்து, மற்றதில் வெறும் அரிசிமாவு. எது எதில் என்று செம்மலருக்கே தெரியாது. அந்த விவரம் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. எங்கள் நாட்டுத் தேர்தல் போலவே குடத்தில் ஓலை போட்டு ஆளுக்கொரு நிறம் எடுத்தார்கள்.

"பதினாலு நாளும் விடாம சாப்பிடணும். நடுவுல நிறுத்தினா கிருமி திரும்பி வந்துடும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார் செம்மலர்.

அமைச்சர் வேழமுடியாருக்குச் சிவப்பு விழுந்தது. அமைச்சருக்கு விழுந்தது மாவாக இருக்க முடியுமா? மாலைக்குள் சிபாரிசுக் கடிதம் உள்ளவர்கள் எல்லோரும் சிவப்புக்கு மாறினார்கள். நானும் ஒரு கடிதம் வாங்கினேன். அரண்மனையில் மிளகாய் அரைக்கும் ஒச்சம்மாவுக்குச் சிவப்பு விழுந்திருந்தது. என் வெள்ளையை அவளிடம் நீட்டினேன்.

"ரெண்டு வருசமா எனக்குக் கஞ்சித்தண்ணிதான் இறங்குது" என்றாள். "உங்களுக்குச் சிவப்புதான் வேணுமா?"

"கடிதம் இருக்கே, ஒச்சம்மா."

"கடுதாசிக்கா வயிறு எரியுது? இந்தாங்க, கொண்டு போங்க."

பத்தாம் நாள் ஒச்சம்மா சோறு தின்றாள். சமையற்கட்டும் குதிரைலாயமும் அவளோடு சேர்ந்து தின்றன. அரசவையோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியைத் திறக்கச் சொன்னார் மன்னர். வெள்ளைதான் மருந்து.

"இது எப்படி நேர்ந்தது?"

"எல்லோரும் வரிசையில் நின்று மாற்றிக்கொண்டார்கள், மன்னா" என்றார் செம்மலர். "என் ஆய்வும் அதோடு கெட்டது."

வேழமுடியார் தொண்டையைச் செருமினார். "மருந்து இன்னாரிடம்தான் இருக்கவேண்டும் என்று ஒரு மரியாதை உண்டு, மன்னா."

ஆணை பிறந்தது. வெள்ளைப் பொட்டலங்கள் அரசுடைமை. மிச்சத்தை அவையினர் உண்பர். மக்களுக்கு மன்னர் படம் போட்ட சிவப்பு இலவசம். முரசறைந்து முடித்த கணமே நடைமுறைக்கு வரும்.

ஒச்சம்மாவுக்கு இன்னும் நாலு நாள் பாக்கி.

எந்த ஆணைக்கும் முன்னால் மன்னரின் பட்டங்களை முழுமையாக வாசிக்கவேண்டும் என்பது சட்டம். முப்பது வருடமாக 'முதலிய' என்று சொல்லித் தாண்டிவந்தேன். இந்த முறை, மறுநாள் காலை நாற்சந்தியில் நின்று முதல் பட்டத்திலிருந்து தொடங்கினேன். வடகுன்றம் வென்றவர். தென்குன்றத்தை வெல்ல நினைத்தவர். குளம் வெட்டுவதாக வாக்களித்தவர். அதே குளத்தை மறுபடி வாக்களித்தவர்.

இரண்டாம் நாள் வேழமுடியார் பல்லக்கில் வந்தார். "சுருக்கமாகச் சொல்லுமய்யா."

"எந்தப் பட்டத்தை விடலாம் என்று எழுதிக் கொடுங்கள், ஐயா."

பல்லக்கு திரும்பிப் போயிற்று.

நாலாம் நாள் பொழுது சாயும்போது ஆணையைச் சொல்லி முடித்தேன். ஓர் எழுத்தும் விடவில்லை. காவலர்கள் ஒச்சம்மா வீட்டுக்குள் புகுந்தார்கள். வெற்றுப் பொட்டலங்களை மடித்து அடுக்கி வைத்திருந்தாள். "பதினாலும் இருக்கு. எண்ணிக்கங்க."

எனக்குத் தொண்டை போயிற்று, வயிறும் எரிந்தபடியே இருக்கிறது. செம்மலரின் இரண்டாம் ஆய்வுக் குடத்தில் என் ஓலையும் கிடக்கிறது. எது விழுந்தாலும் மாற்றமாட்டேன்.

மன்னர்தான் நெகிழ்ந்துபோனார். தமக்கு இத்தனை பட்டங்கள் என்று அவருக்கே தெரியாதாம். இன்னும் நாற்பது சேர்த்துக்கொண்டார். அதனால் இப்போதெல்லாம் எந்த ஆணையும் நடைமுறைக்கு வர ஒரு மாதம் பிடிக்கிறது. நாடு இத்தனை நலமாக இருந்து நான் பார்த்ததில்லை.