நம் பக்கத்து ஒன்று

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உங்கள் மனைவியும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை, ஆகவே தொடங்கிவிட்டேன். உண்மையில் உங்கள் அத்தை என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. என் மகள் பேசுகிறாள், ஆனால் "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். பயிற்சி முகாமில் உங்கள் முழங்கால் வலி தேவலையா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் முறையாக விசாரிக்க வேண்டும். விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பயிற்சியாளரிடம் போய், இனி நாட்டுக் கால்பந்து அணிக்கு ஆடப் போவதில்லை என்று சொல்லிவிடப் போகிறீர்களாம். நீங்கள் போனில் சொன்னதை என் மகள் அவள் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னாள். சமையலறைக்கு வெளியே நின்றிருந்த என் காதில் அது விழுந்தது. "முப்பத்தோரு ஆட்டத்துக்கு அப்புறம் ஒரு கோல் போட்டேன். அதை நானே நம்பாம தலையைக் குனிஞ்சிக்கிட்டு நடந்தேன். அப்படிப்பட்டவன் எதுக்கு ஆடணும்?" என்று கேட்டீர்களாம். மாப்பிள்ளை, நம்பாதவன் நீங்கள் இல்லை. அது யார் என்பதை வெள்ளிக்கிழமைக்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். பாதியில் நீங்கள் போனை வைத்துவிட்டால் மீதியை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மைதானத்து மின்சார ஸ்கோர் போர்டு எரிந்துபோய், பழைய தகர போர்டைத் தூசு தட்டி ஏற்றி நான்கு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அதில் எண் மாட்டுவது என் வேலை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த போர்டின் பின்பக்கத்தை நீங்கள் பார்த்ததில்லை. பதினான்கு படி ஏணி ஏறினால் குறுக்கே ஒரு பலகை, நடப்பதற்கு. இடது கோடி நம் பக்கம், வலது கோடி எதிரணி. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை இரண்டடி அகலத் தகரங்கள், நம்முடையது நீலம், அவர்களுடையது சிவப்பு, எல்லாம் பின்னால் ஆணியில் தொங்கும். எதிரணித் தகரங்கள் எடுத்து மாட்டி எடுத்து மாட்டி ஓரமெல்லாம் பளபளவென்று இருக்கும். நம் பக்கம் அப்படி இல்லை. உங்கள் கோலுக்கு முன், கடைசியாக நம் சொந்த மைதானத்தில் நாம் கோல் போட்டு இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று ஆட்டம் முடிந்து மாட்டிய பூஜ்யத்தை அதற்குப் பிறகு கழற்றவே இல்லை, கழற்றி மறுபடி அதையே மாட்டுவானேன்? அதன் பின்னால் ஒரு குருவி கூடு கட்டி, இரண்டு தடவை குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்தும் போய்விட்டன. மற்ற ஆணிகளில் பாதி காலி. எந்தத் தகரம் எங்கே போனது என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் என்னையும் கேட்பார்கள்.

அதே சமயம் கீழே இறங்கிவிட்டால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏழு கோல் வாங்கி அணி திரும்பி வந்த அன்றும், சவரக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஏழுதானே, எட்டா வாங்கினாங்க?" என்று வாய் கிழியப் பேசியவன் நான். நம்பிக்கை இல்லாதவனுக்கு மைதானத்தில் இடமில்லை என்று இரண்டு பேரைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். சவரக்கடைக்காரர் கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டே, "உங்க மாப்பிள்ளை ஒரு கோல் போடட்டும், நான் என் மீசையை எடுத்துடறேன்" என்றார். அந்த நிலையிலும் நான், "சோப்பு கலக்கி வைங்க" என்றேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு ஈடு நானே.

இனி குளியலறை ஜன்னலுக்கு வருகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் நம் வீட்டுப் பின்சந்தில் நீங்கள் பந்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தீர்கள். சந்தின் கோடியில் இருக்கும் கேட்டைக் குறிவைத்தீர்கள், கேட்டுக்கு இடப்புறம் பன்னிரண்டடி தள்ளியிருந்த குளியலறைக் கண்ணாடி உடைந்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உள்ளே உங்கள் அத்தை குளித்துக்கொண்டிருந்ததையும் குறையாகச் சொல்லவில்லை. புதுக் கண்ணாடி போடும்வரை எதையாவது வைத்து அடை என்று உத்தரவானது. மறுநாள் நான் போர்டின் மேலே நின்று கண்ணால் அளந்து பார்த்தேன். நம் பக்கத்து ஒன்றாம் எண் தகரம் ஜன்னலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. கையில் எடுத்தேன். ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசில் என்ன ஓடியது என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்: 'இது எங்கே தேவைப்படப் போகிறது?' என்றுதான் ஓடியது, மாப்பிள்ளை. தகரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, எண் சந்தைப் பார்க்கும்படி வைத்து, சுற்றிலும் எட்டு ஆணி அடித்தேன்.

நீங்கள் கோல் போட்ட அன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். எழுபத்திரண்டாவது நிமிஷம் கார்னரிலிருந்து பந்து வந்தது. அது உங்கள் தொடையில் பட்டதா, முழங்காலில் பட்டதா என்று பத்திரிகைக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதில் பட்டால் என்ன? எதிர்க்கோடியில் வலை உப்பியதை நான் இங்கிருந்து பார்த்தேன். ஏணியைக் கட்டிக்கொண்டு கத்தினேன், அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு ஒன்றை எடுக்கத் திரும்பினேன். ஆணிதான் இருந்தது. சரி, சிவப்பானால் என்ன, ஒன்று ஒன்றுதானே என்று பலகையில் ஓடி எதிரணியின் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தால், நம் பூஜ்யம் துருப்பிடித்துக் கொக்கியை விட்டு வரமாட்டேன் என்கிறது. நான் இழுக்கிறேன், குருவிக்கூட்டு வைக்கோல் என் தலையில் கொட்டுகிறது. நீங்கள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர், நிமிர்ந்து போர்டைப் பார்த்தீர்கள். பூஜ்யம். உங்கள் கை மெல்ல இறங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அதை நான் பார்த்தேன்.

ரெஃப்ரி, கோல்தான் என்று நடுவட்டத்தைக் கையால் காட்டிக்கொண்டுதான் நின்றார். ஆனால் நம் பையன்களுக்கு அந்தச் சைகை பழக்கமில்லை. அது காட்டப்படும்போதெல்லாம் நாம் தலையைக் குனிந்துகொண்டு நடப்போம், ரெஃப்ரியின் கையை யார் கண்டது? கோல் செல்லாது போலிருக்கிறது என்று எல்லோரும் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். எதிரணி நடுவில் பந்தை வைத்தது, ரெஃப்ரி விசில் ஊதினார். நம் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் கோல்கீப்பரும் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மூன்றே தட்டு, கோல். அதே நொடியில் எனக்குப் பூஜ்யம் கழன்று வந்தது. ஒரு கையில் நம் பூஜ்யம், மறு கையில் சிவப்பு ஒன்று. இரண்டு பக்கமும் ஒன்று மாட்ட வேண்டும், இருப்பது ஒரே ஒன்று. நான் நம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், மாப்பிள்ளை. கையை நீட்டினால் மாட்டியிருக்கலாம். ஆனால் என் கை பூஜ்யத்தைப் பழைய கொக்கியிலேயே மறுபடி மாட்டியது, என் கால் தானாகப் பலகையில் நடந்து போனது, ஒன்று எதிரணிப் பக்கம் ஏறிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது, அதையும் தோல்வி என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள். பாதி ஊருக்கு மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் விஷயம் தெரியும்.

நம் பக்கத்து ஒன்று எங்கே என்று மைதான மேலாளர் அன்று மாலையே விசாரித்தார். "காத்துல பறந்துடுச்சு சார்" என்றேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஒரு இலை அசையவில்லை. 'பலத்த காற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியில் வீட்டுக்கு வந்து, அங்கேயும் காற்றுக் கதையையே சொன்னேன். மறுநாள் காலை என் மகள் பின்சந்தில் துணி காயப்போடப் போனாள். போனவள் ஈரப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஒன்றரை வருஷமாகப் பார்த்த தகரம்தான், அன்றுதான் அதன் மேலிருந்த எண் அவள் கண்ணில் பட்டது.

"அப்பா, இது என்ன?"

"தகரம்."

"தகரம்னு தெரியுது. மேல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும்மா."

"காத்துல பறந்து வந்து நம்ம வீட்டு ஜன்னல்ல ஒட்டிக்கிச்சா?"

நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். தற்காலிக ஏற்பாடு என்றேன். அவள் ஆணிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "எட்டு ஆணிப்பா. ஒரு ஆணி அடிச்சிருந்தாக்கூட, அவசரம்னா எடுத்துக்கலாம்னு நினைச்சிருக்கீங்கன்னு நான் மனசைத் தேத்திக்குவேன். ஊர்ல யாருமே நம்பலைன்னாலும் மாமா நம்புவாருன்னு அவர் சொல்லுவார்ப்பா." "அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று போர்வையைப் பிழிந்தாள். அப்படியொரு பிழியலை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் எட்டு ஆணியையும் பிடுங்கித் தகரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், சவரக்கடை வழியாகவே நடந்து மேலாளர் அறைக்குப் போனேன். மேசைமேல் வைத்து உண்மையைச் சொன்னேன். வேலையை விட்டு எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் மெதுவாக எழுந்து, மூலையில் இருந்த டீ கெட்டிலைத் தூக்கித் தரையில் வைத்தார். கெட்டிலுக்கு அடியில் நம் பக்கத்து ஆறு இருந்தது. நாலு வருஷச் சூட்டில் நீலம் கறுத்துப் போயிருந்தது. "கொண்டுபோய் மாட்டுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. மறுநாள் நான் போனபோது ஏணியடியில் நம் பக்கத்து மூன்று சாய்ந்து நின்றது, மண்ணோடு. புல்வெட்டுகிறவர் களை அள்ளிக்கொண்டிருந்தது அதில்தானாம். ஐந்தை டிக்கெட் கவுண்டர்க்காரர் தன் சைக்கிள் கேரியரிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். எட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, காலையில் ஆணியில் தொங்கியது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடைசியாகச் சவரக்கடைக்காரர் வந்தார். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெறும் தோல், பாவமாக இருந்தது. "போர்டு என்ன சொன்னா என்னங்க, கோல் கோல்தான்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆக, இன்றைய தேதியில் நம் பக்கம் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா எண்ணும் ஆணியில் இருக்கிறது. பூஜ்யத்தின் கொக்கிக்கு எண்ணெய் போட்டுவிட்டேன், விரலால் தொட்டால் கழன்று வருகிறது. அன்று நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, என் போர்டின்மேல் நம்பிக்கை வைத்ததால். அந்தப் பழியை நீங்கள் சுமக்காதீர்கள், அது என்னுடையது. வெள்ளிக்கிழமை பயிற்சியாளரிடம் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வாருங்கள். கோல் போட்டாலும் சரி, கேட்டுக்குக் குறிவைத்து ஜன்னலை உடைத்தாலும் சரி, நிமிர்ந்து பாருங்கள், நான் மேலே இருப்பேன். இனி என் உயிர் உள்ளவரை நம் பக்கத்துத் தகரம் ஒன்றுகூட அந்த ஏணியை விட்டு இறங்காது. இது உங்கள் மேலும் என் மகள் மேலும் ஆணை.

உங்கள் முழங்கால் நோகாமல் இருக்கட்டும். பந்து உங்கள் சொல் கேட்கட்டும். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
மாமனார்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாளைக்குப் பிறகு உங்கள் அத்தை என்னோடு பேசிவிட்டாள். "உங்க நம்பிக்கையெல்லாம் இருக்கட்டும், முதல்ல ஜன்னலை அடைங்க. குளிக்கப் போனா நனைஞ்சிடறேன்" என்றாள். ஆகவே நம் பக்கத்து ஒன்பதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் எட்டு வரைக்கும் யோசிக்காமல் அடிக்கலாம். எட்டாவது விழுந்ததும் கீழேயிருந்து எனக்கு ஒரு கை காட்டுங்கள், ஓடிப்போய் எடுத்துவந்துவிடுகிறேன். இந்தத் தடவை ஆணி அடிக்கவில்லை, மாப்பிள்ளை. கயிற்றால்தான் கட்டியிருக்கிறேன், ஒரே இழுப்பில் வந்துவிடும்.