மலையை இழுக்கும் பெட்டி

கடகடவென்று ஒரு சத்தம். கம்பம்மெட்டு தாண்டி, ஏலக்காய்த் தோட்டத்துச் சேற்று ஏற்றத்தில் முத்துவீரனின் ஜீப் நின்றுவிட்டது. உள்ளே பதினான்கு பெண்கள், பதினான்கு தூக்குவாளிகள்.

"போச்சா?" என்றாள் கங்காணி சந்தனம்மாள்.

"போச்சு."

போனது, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் பெட்டி.

"இங்கேரு தம்பி, காய் பழுத்து உதிருது. மொதலாளி என்னையத்தேன் வையிறாக. இப்பிடியே நின்னுக்கிட்டிருந்தா நாங்க தங்கபாண்டி வண்டியில ஏறிருவோம்."

முத்துவீரனுக்கு இந்த ஓட்டத்தை விட்டால் வேறு ஓட்டம் கிடையாது.

கம்பத்தில் மெக்கானிக் ஆசாத் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தான். "பல்லு பூராம் உதிர்ந்திருச்சு மாமா. இதவிட வலுவாப் போடுவோம்."

தேனியில் பழைய சாமான் கடையில் பெரிய பெட்டியாகப் பார்த்து எடுத்து வந்தார்கள். நாலாம் நாள் அதுவும் உடைந்தது. போகிற போக்கில் பின் அச்சையும் முறுக்கிவிட்டது.

"இன்னும் வலுவா இருக்கா மாப்ள?" என்றான் முத்துவீரன்.

"மிலிட்டரி ஜீப்போட பெட்டி ஒண்ணு கெடக்கு. மலையவே இழுக்கும்."

மலையை இழுக்கிற பெட்டி ஜீப்புக்குள் நுழையவில்லை. தரைத் தகட்டை அறுத்துப் பொருத்தினார்கள். முன்சீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனது.

"காலக் கழட்டி வீட்ல வச்சுட்டு வரவாண்ணே?" என்றாள் முன்சீட்டு முத்துப்பேச்சி.

முன்னால் நாலு பேர் நெருக்க, முத்துவீரன் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடிதான் எப்போதும் ஓட்டுவான். இந்தத் தடவை குச்சனூர் கோயிலுக்குப் போய் எள் விளக்கும் போட்டுவிட்டு வந்திருந்தான். ஆசாத்தும் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தான்.

அதே ஏற்றம். படார்!

முத்துவீரன் இறங்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தனம்மாள் போனை எடுத்துத் தங்கபாண்டியைக் கூப்பிட்டாள்.

வண்டிக்கு அடியிலிருந்து ஆசாத் கத்தினான். "மாமா, ஓட்டத்துலயே கியர மாத்துன மாதிரில்ல ஒடஞ்சிருக்கு! பெட்டியிலருந்து முன்சீட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கிற கியர் கம்பியத் தொட்டீகளா?"

"நான் எங்கிட்டுத் தொட? ஸ்டியரிங்க விட்டா ஓடையிலதான் கெடப்போம்!"

முத்துப்பேச்சி தூக்குவாளியோடு மெல்ல இறங்கினாள்.

"பெட்டி எக்கேடும் கெடட்டும்ணே, ஏத்தத்துல சரியாம நான் பிடிச்சு இழுத்து ஒக்காரதுக்குன்னு, பெட்டி மாத்துன ஒவ்வொரு தடவையும் இந்தக் கம்பிய நீளமா நீளமா வச்சுக் குடுத்தீகளே, தங்கபாண்டி அண்ணன் வண்டியில இம்புட்டு வாட்டமா இருக்குமா?"